மலையில் மட்டுமே மலரும் மலர்கள்



டெல்லியில் எங்கள் சபையில் ஒரு தோட்டக்காரச் சகோதரர் இருக்கிறார். தர்மபுரி மாவட்டத்திலிருந்து பிழைப்பைத் தேடி வந்தவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே பங்களாவில் தோட்ட வேலை செய்துவருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் புறப்பட்டுப் போன பின்பும், அவர் மட்டும் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அருகில் சென்று விசாரித்தேன்.

"பாஸ்டர், அந்தச் செடி இந்த வருஷமும் பட்டுப்போச்சு. மூணாவது வருஷம். உன் கைக்கு ராசியில்லைன்னு அம்மா சொல்லிட்டாங்க."

வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட அந்த வார்த்தையே அவரை அதிகமாகக் காயப்படுத்தியிருந்தது. நிலத்தில் பிறந்து நிலத்தில் வளர்ந்த மனிதரிடம் அவருடைய கையைப் பற்றிக் குறை சொன்னால் அது எப்படியிருக்கும் என்பதைக் கிராமத்திலிருந்து வந்த வாசகர்கள் அறிவார்கள்.

நடந்தது இதுதான். பங்களா அம்மையார் வெளிநாடு சென்றிருந்தபோது, அங்கே ஒரு தோட்டத்தில் வானத்தின் நிறத்தில் பூத்திருந்த நீலப் பாப்பி மலரைக் கண்டு மனதைப் பறிகொடுத்தார். அது இமயமலைப் பூ என்று சொன்னார்களாம். "நம் நாட்டுப் பூ நம் வீட்டில் வளராதா" என்று விதைப் பொட்டலத்துடன் திரும்பினார். புல்தரையின் ஓரத்தில் லாரி நிறையக் கற்களைக் கொட்டி ஒரு மேடு கட்டச் செய்தார். பொட்டலத்தில் எழுதியிருந்தபடி விதைகளைச் சில வாரங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து விதைத்தார்கள். பிப்ரவரியில் முளைத்தது. மார்ச்சில் ரோமம் நிறைந்த சிறு இலைகள் விட்டது. மே மாதம் பிறந்ததும் இலைகள் துவண்டு, ஒரே வாரத்தில் கறுத்துப்போயின. மூன்று ஆண்டுகளும் இதே கதைதான்.

"அந்தப் பூ பிறந்த ஊரை நாம் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படித்தான் எங்கள் பிரயாணம் ஆரம்பமாயிற்று.

கல்லைக் குவித்தால் மலையாகுமா?

வட இந்தியாவில் 'ராக் கார்டன்' என்றவுடன் எல்லோருக்கும் சண்டிகர்தான் நினைவுக்கு வரும். நேக் சந்த் என்ற அரசு ஊழியர் உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் கொண்டு யாருக்கும் தெரியாமல் சிலைகள் செய்து உருவாக்கிய இடம் அது. 1976ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நான் இங்கே சொல்வது வேறு. உயர்ந்த மலைகளில், மரங்கள் வளரும் எல்லைக்கும் மேலே முளைக்கும் சிறு செடிகளைச் சமவெளியில் வளர்ப்பதற்காகக் கற்களால் அமைக்கப்படும் தோட்டமே அது.

இந்தக் கலை பிரிட்டனில் பெரிதாக வளர்ந்தது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பாறைத் தோட்டம் 1882ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. ரெஜினால்ட் ஃபாரர் என்பவர் 1907ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், சாதாரண வீட்டுக்காரர்களும் மலைச்செடி வளர்க்கத் துணியும்படி செய்தது. மலர்களைத் தேடி மலைமலையாய் அலைந்த அவர் 1920ஆம் ஆண்டு, நாற்பது வயதில், பர்மாவின் வடபகுதி மலைகளில் மரித்தார்.

பாறைத் தோட்டத்தில் கல் அலங்காரத்துக்காக வைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு கல்லும் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். மழைநீர் கல்லின் பின்புறம் வழியாக வேருக்குச் செல்லும்படி, அது சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மண்ணில் பாதிக்கு மேல் சரளையும் பருமணலுமாக இருக்கும். எருவுக்குப் பதிலாகச் சிறிதளவு இலைமக்கு. செடியின் கழுத்தைச் சுற்றிப் பொடிக்கல் பரப்புவார்கள், தண்டு ஈரத்தில் அழுகாதபடிக்கு. தண்ணீர் வர வேண்டும். ஆனால் ஒரு நிமிடமும் தேங்கக் கூடாது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொன்னபோது, சகோதரர் பேருந்தின் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே, "அப்போ நாங்க கட்டினது தோட்டம் இல்லை பாஸ்டர், கல்லறை" என்றார்.

அலக்நந்தா நதியோரமாக

டெல்லியிலிருந்து இரவில் புறப்பட்டு அதிகாலையில் ரிஷிகேஷ் வந்துசேர்ந்தோம். அங்கிருந்து ஜோஷிமட் செல்ல ஒரு முழு நாள் ஆகிறது. பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்து கங்கை என்று பெயர் பெறும் தேவப்பிரயாகை, பின்பு ருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை என்று வழியெங்கும் நதிகள் கூடுமிடங்கள். ஆகஸ்ட் மாதமானபடியால் இரண்டு இடங்களில் மலைச்சரிவு பாதையை மறித்திருந்தது. இயந்திரங்கள் மண்ணை அகற்றும்வரை லாரி ஓட்டுநர்களோடு தேநீர் அருந்திக் காத்திருந்தோம். ஜோஷிமட்டில், 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்தபோது விரிசல் விட்ட வீடுகளைப் பார்த்தோம். மலை உறுதியானது என்று நாம் எண்ணுகிறோம். அங்கே வாழ்கிறவர்கள் அப்படி எண்ணுவதில்லை.

கோவிந்த்காட்டிலிருந்து புல்னா கிராமம் வரை ஜீப் செல்லும். அதன்பின் காங்கரியாவுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் ஏற்றம். நடக்க வேண்டும் அல்லது கோவேறு கழுதையில் போக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய என் முழங்கால்கள் ஆறாவது கிலோமீட்டரில் முறையிட ஆரம்பித்தன. ஹேம்குண்ட் சாஹிப் குருத்வாராவுக்குச் செல்லும் சீக்கிய யாத்திரிகர்களில் ஒரு முதியவர் தம் கைத்தடியை என்னிடம் நீட்டி, "நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தாம் பாட்டுக்கு முன்னே நடந்தார். அன்றிரவு காங்கரியா குருத்வாராவில் சூடான ரொட்டியும் பருப்பும் தந்தார்கள். யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளத்தாக்கினுள்ளே

மறுநாள் காலை ஏழு மணிக்கு வனத்துறையின் வாயிலில் அனுமதிச்சீட்டு வாங்கினோம். புஷ்பாவதி ஆற்றின் பாலத்தைக் கடந்து, பூர்ஜ மரங்களினூடே செங்குத்தாக ஏறினால், திடீரென்று மரங்கள் விலகிப் பள்ளத்தாக்கு விரிகிறது. இருபுறமும் மேகம் தவழும் மலைகள். நடுவே இடுப்பளவுக்குப் பூக்கள். இளஞ்சிவப்பில் காசித்தும்பையின் உறவுகள், இரத்தச் சிவப்பில் பொட்டென்டில்லா, ஊதா நிறத்தில் ஜெரேனியம்.

1931ஆம் ஆண்டு ஃபிராங்க் ஸ்மைத், எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த் முதலியோர் 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பும் வழியில், மோசமான வானிலையில் ஒரு கணவாயைக் கடந்து இந்தப் பியுந்தர் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். ஆடு மேய்க்கும் உள்ளூர் மக்கள் அதற்கு முன்பே இதை அறிந்திருந்தார்கள். உலகம் அப்போதுதான் அறிந்தது. ஸ்மைத் 1937இல் மறுபடியும் வந்து, தங்கியிருந்து விதைகளும் கிழங்குகளும் சேகரித்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். 1938இல் வெளியான அவருடைய நூலின் பெயரே இந்த இடத்துக்குப் பெயராகிவிட்டது: மலர்ப் பள்ளத்தாக்கு.

நாங்கள் தேடி வந்த பூ உடனே கண்ணில் படவில்லை. இரண்டு மணி நேரம் நடந்த பின், பாதையோரத்தில் வீடு அளவுள்ள ஒரு பாறையின் அடியில் சகோதரர் நின்றுவிட்டார். பாறைக்கும் மண்ணுக்கும் இடையிலான பிளவில், முழங்கால் உயரத்தில், உடலெங்கும் முள்ரோமத்துடன் ஒரு செடி. அதில் நான்கு நீலப் பூக்கள். இதழ்கள் பட்டுத்துணியைப் போல மெல்லியவை. நடுவே பொன்னிற மகரந்தம்.

அவர் பூவை அதிக நேரம் பார்க்கவில்லை. மண்டியிட்டுப் பாறையின் நிழலில் உள்ளங்கையை மண்ணில் பதித்தார். "பாஸ்டர், தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். கிணற்று நீரைப் போலச் சில்லென்றிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது; ஆனால் எங்கும் சேறு இல்லை. பாறையில் வழிந்த நீர் சரளைக்குள் இறங்கி மறைந்துகொண்டேயிருந்தது. "மேலே வெயில், கீழே குளிர். மழை நிக்காம பெய்யுது, தண்ணி நிக்காம ஓடுது. டெல்லியில ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மண்ணு கொதிக்குதே, இதை நான் எப்படிக் கொடுப்பேன்?" என்றார். அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதாகத் தோன்றவில்லை.

மலைச்செடியைப் பற்றி நாம் தவறாக நினைப்பது இங்கேதான். அது குளிரால் சாவதில்லை. மலையில் மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கிறது. அந்தப் பனியே அதற்குக் கம்பளி. வெளியே காற்று எவ்வளவு உறைந்தாலும், ஆழ்ந்த பனியின் கீழே மண்ணின் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது. செடி நனையாமல், காய்ந்த நிலையில் உறங்குகிறது. ஆகவேதான் பிரிட்டனில்கூடக் குளிர்காலத்தின் ஓயாத மழை ஈரத்தில் பல இமயச் செடிகள் அழுகிப்போகின்றன. அவற்றுக்காகச் சூடேற்றப்படாத, காற்றோட்டமான கண்ணாடி வீடுகளைக் கட்டுகிறார்கள். கோடை குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கும் ஸ்காட்லாந்தில் நீலப் பாப்பி செழிக்கிறது. டெல்லியிலோ அதற்கு வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கே வளரும் நீலப் பாப்பி சில ஆண்டுகள் இலையாகவே தரையோடு கிடந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதைகளைச் சிந்திவிட்டு மடிந்துபோகும். இதைச் சொன்னபோது சகோதரர் சிரித்தார். "வாழை மாதிரி. ஆனா பக்கக்கன்று விடாத வாழை."

ஒரு கல்லறை

இன்னும் சற்றுத் தூரம் சென்றால், பூக்களின் நடுவே தனியாக ஒரு கல்லறை இருக்கிறது. ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலேயப் பெண்மணியினுடையது. 1885 பிப்ரவரி 21இல் பிறந்த அவர், ஸ்மைத்தின் நூல் வெளிவந்த மறு ஆண்டே மலர்களைச் சேகரிக்க இங்கே வந்தார். 1939 ஜூலை 4ஆம் தேதி, பூ சேகரிக்கையில் பாறைச் சரிவில் கால் தவறி விழுந்து மரித்தார். அவருடைய சகோதரி பின்னர் இங்கே வந்து இந்த நினைவுக் கல்லை வைத்தார். அதில் 121ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் ஆங்கிலத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது.

நான் அதைத் தமிழில் மனப்பாடமாகச் சொன்னேன். அந்த வசனத்தின் பிற்பகுதி எபிரெய மூலத்தில் ஒரு கேள்வி என்றும், அதற்குப் பதில் அடுத்த வசனத்தில்தான் இருக்கிறது என்றும் வேதாகமக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அன்று அது ஒரு இலக்கணக் குறிப்பாகவே மனதில் பதிந்தது. ஐம்பத்துநான்கு வயதில், சொந்தத் தேசத்துக்கு வெகுதூரத்தில் விழுந்த ஒரு பெண்ணின் கல்லறையருகே, அவர் வயதையொத்தவனாய் நின்றபோது, அது உண்மையாகவே ஒரு கேள்வி என்று உணர்ந்தேன். மலை தானாக உதவி செய்வதில்லை. இருவரும் குடையை மடக்கிவிட்டுச் சிறிது நேரம் தலைவணங்கி நின்றோம்.

வேலி போட்டால் போதுமா?

செடியை மலையிலிருந்து கொண்டுபோவது ஒரு வழி. மலையையே காப்பது இன்னொரு வழி. 1982ஆம் ஆண்டு இந்தப் பள்ளத்தாக்கின் 87.5 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆடுமாடு மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. இரவு தங்க அனுமதி இல்லை.

ஆனால், வேலி போட்டவுடன் காரியம் முடிந்துவிடவில்லை. மேய்ச்சல் நின்ற பின், பாலிகோனம் என்ற ஆளுயரச் செடி பரவி மற்றப் பூக்களை நெருக்கத் தொடங்கியது. ஆடுகள் தின்று மட்டுப்படுத்தியிருந்ததால்தான் முன்பு அது அடங்கியிருந்தது என்று ஒரு சாராரும், மேய்ச்சலே மண்ணைக் கெடுத்து அதற்கு இடம் கொடுத்தது என்று மறுசாராரும் வாதிடுகிறார்கள். வனத்துறை ஆட்களை வைத்து அதைப் பிடுங்கிவருகிறது. சகோதரர் அதன் தண்டைப் பார்த்தவுடனே, "இது வேர்ல துண்டு விட்டாலும் திரும்ப வரும்" என்றார்.

எதிர்மாறான கதையும் உண்டு. இமயமலையிலிருந்து 1839ஆம் ஆண்டு அழகுக்காக பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒருவகைக் காசித்தும்பை, இன்று அங்கே ஆற்றங்கரைகளில் களையாகப் பரவி மக்களை வருத்துகிறது. இடம் மாறிய ஒன்று வாடுகிறது. மற்றொன்று வீட்டுக்காரரையே வெளியே தள்ளுகிறது. எது எப்படியாகும் என்று விதையைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை.

இரண்டு பிரம்மகமலங்கள்

மூன்றாம் நாள் ஹேம்குண்ட் ஏற்றத்தில், நாலாயிரம் மீட்டரை நெருங்கியபோது, பாறைகளிடையே உத்தராகண்டின் மாநில மலரான பிரம்மகமலத்தைக் கண்டோம். சகோதரருக்கு ஏமாற்றம். "எங்க ஊர்ல தொட்டியில வச்சிருப்பாங்களே, ராத்திரி பூத்து விடியறதுக்குள்ள வாடுமே, அது இல்லையா?" என்றார். இல்லை. தமிழ்நாட்டு வீடுகளில் நாம் பிரம்மகமலம் என்று கூப்பிடுவது அமெரிக்கக் கண்டத்துக் கள்ளியினம். நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். இமயத்தின் பிரம்மகமலம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. காகிதம் போன்ற வெளிர்மஞ்சள் மடல்கள் கூடாரமாய் மூடியிருக்க, உள்ளே ஊதா நிறப் பூங்கொத்து மறைந்திருக்கிறது. ஒளி மடல்வழியே நுழைகிறது, குளிர்காற்று நுழைவதில்லை. மனிதன் கண்ணாடி வீடு கட்டும் முன்பே இந்தச் செடிக்குச் சிருஷ்டிகர் ஒன்றைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

அதைப் பறித்துக் கோவில்களில் படைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு, மருந்துக்காகவும் பறிக்கிறார்கள். ஆகவே பல இடங்களில் அது அரிதாகிவிட்டது.

மாணா கிராமத்துத் தோட்டம்

திரும்பும் வழியில் பத்ரிநாத்துக்கு அப்பால் சீன எல்லையை நோக்கியிருக்கும் மாணா கிராமத்துக்குச் சென்றோம். அங்கே உத்தராகண்ட் வனத்துறை 2021 ஆகஸ்டில், சுமார் 11,000 அடி உயரத்தில், மூன்று ஏக்கரில் ஒரு மூலிகைத் தோட்டத்தைத் திறந்தது. நாட்டிலேயே உயரமானது என்று சொல்லப்படும் அதில் ஏறக்குறைய நாற்பது வகை மலைச்செடிகளை வளர்க்கத் தொடங்கினார்கள். பிரம்மகமலமும், கம்பளி போர்த்தியதுபோலிருக்கும் பேன்கமலும், சர்வதேச வியாபாரம் கட்டுப்படுத்தப்பட்ட குட் என்ற செடியும் அவற்றுள் அடங்கும். இதேபோல் கட்வால் பல்கலைக்கழகமும் துங்கநாத்தின் உயரத்தில் ஒரு நிலையம் வைத்து மலைச்செடிகளை ஆராய்கிறது.

சகோதரர் அங்கே பாத்தி பாத்தியாக நடந்தார். கல் வரம்பு, சரளை, சரிவு எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இவங்க மலையைக் கீழே கொண்டுவரலை. தோட்டத்தை மேலே கொண்டுவந்துட்டாங்க. இங்கேன்னா நானும் வளர்ப்பேன் பாஸ்டர்."

மாணாவின் மக்கள் கோடையில் மாத்திரம் அங்கே வாழ்கிறார்கள். பனி விழும் முன் கதவைப் பூட்டிக்கொண்டு கீழுள்ள ஊர்களுக்கு இறங்கிவிடுகிறார்கள். திண்ணையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், "இரண்டு வீட்டில் எது உங்கள் வீடு?" என்று கேட்டேன். "எங்கே அடுப்பு எரிகிறதோ அது" என்றார். டெல்லியில் முப்பது வருஷமாக வாடகை வீட்டில் இருக்கும் எனக்கு அந்தப் பதில் போதுமாயிருந்தது.

செல்ல விரும்புகிறவர்களுக்கு

பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். பூக்கள் நிறைந்திருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. அதுவே மழையும் சரிவும் மிகுந்த காலம். ஆகையால் கையில் இரண்டு நாட்கள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். மழைச்சட்டை, நல்ல காலணி, கைத்தடி அவசியம். இருதய நோயும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவேண்டாம். ஒரு பூவையும் பறிக்காதீர்கள். விற்பனைக்கு வரும் மலைப்பூவை வாங்காதீர்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.

திரும்பிய பின்

டெல்லிக்கு வந்த மறுநாள் சகோதரர் அம்மையாரிடம் போய்த் தாம் கண்டதையெல்லாம் சொன்னார். கையில் ராசியில்லாமல் போகவில்லை, அந்தச் செடிக்கு வேண்டிய குளிர்ந்த மண் இந்த ஊரில் இல்லை என்று, இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இரண்டு நாள் அம்மையார் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, அந்தக் கற்களில் உனக்குத் தெரிந்ததை வை" என்றாராம்.

அவர் கற்களைப் பிரித்துச் சரியாகப் புதைத்தார். சரளை பரப்பினார். சோற்றுக் கற்றாழையும், கள்ளி வகைகளும், நம் ஊர்களில் டேபிள் ரோஸ் என்று சொல்லும் பூக்களும் வைத்தார். கடந்த மே மாதம், வெயில் நாற்பத்துநான்கு பாகையைத் தொட்ட ஒரு நாளில், என்னை அழைத்துச் சென்று காட்டினார். காலை பத்து மணிக்கு அந்த மேடு முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்திருந்தது.

விதைப் பொட்டலத்தில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறதாம். அம்மையார் அதை எறிந்துவிட மனமில்லாமல் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். "அடுத்த வருஷம் மாணாவுக்கு நானும் வருகிறேன் என்கிறாங்க பாஸ்டர்" என்றார் சகோதரர், கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே.